ஏஜென்ட் டீனா என்கிற சைரந்திரி

மழை பொய்த்தால் தர்மபுரிப் பக்கத்து ஊர்களில் விராட பருவம் கூத்து வைப்பது வழக்கம். அஞ்ஞாத வாசத்தில் பாண்டவர்கள் வேஷம் மாறி விராடன் அரண்மனையில் ஒளிந்திருக்கும் கதை. வீமன் சமையல்காரன். அர்ச்சுனன் அரசகுமாரிக்கு ஆட்டம் சொல்லித்தரும் பேடி பிருகன்னளை. பாஞ்சாலி, ராணிக்குத் தலைவாரிப் பூச்சூட்டும் வேலைக்காரி சைரந்திரி. ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் கழிய வேண்டும்; தெரிந்துவிட்டால் மறுபடி பன்னிரண்டு வருஷம் காடு. உளவுப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு எங்கும் எழுதப்படவில்லை என்பது என் துணிபு. ராணியின் சகோதரன் கீசகன் சைரந்திரியை வம்புக்கு இழுக்கும் இடத்தில், விடியற்காலைத் தூக்கத்தில் சாய்ந்து கிடக்கும் கூட்டம்கூட நிமிர்ந்து உட்காரும். அவள் யாரென்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சுவை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கமல்ஹாசனின் ‘விக்ரம்’ 2022 ஜூன் 3இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்ததையெல்லாம் இந்தக் கூத்துக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

அதே பெயரில் 1986இல் வந்த முதல் படம் சுஜாதா எழுதி, ராஜசேகர் இயக்கியது. காணாமற்போன அக்னிபுத்ரா ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை நாடு, சுகிர்தராஜாவாக சத்யராஜ், இளையராஜாவின் இசை என்று அன்றைக்கு அது பெரிய பந்தி. இன்றும் அதன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் மறைந்திருப்பதில் அந்தப் படத்துக்கு அக்கறை குறைவு. விக்ரம் எங்கே போனாலும் நாயகனாகவே போகிறான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1970இல் எடுத்த ‘சி.ஐ.டி. சங்கர்’ காலத்திலிருந்தே நம் துப்பறியும் நாயகர்களின் குணம் அது. அதன் நாயகன் ஜெய்சங்கர் அறைக்குள் நுழைந்தாலே வந்தது யாரென்று வில்லனுக்கும் தெரிந்துவிடும்.

முப்பத்தாறு வருஷம் கழித்து இயக்குநர் லோகேஷ் கனகராஜ் செய்திருப்பது வேறு. தொடக்கத்திலேயே கமல் போதையில் ஆடிப் பாடுகிறார். அவரே எழுதி, அனிருத்தோடு சேர்ந்து பாடிய பாட்டு அது. எந்தப் பெரிய நடிகர் படத்திலும் வரும் அறிமுகப் பாட்டு என்று நினைத்துக் கைதட்டிவிட்டு நகர்கிறோம். பிறகுதான் தெரிகிறது, அந்த ஆட்டமே வேஷத்தின் ஒரு பகுதி என்று. ரசிகனின் பழக்கத்தையே திரையாகப் பிடித்து, அதன் பின்னால் ஒற்றனை ஒளித்துவைக்கிற இந்த யோசனையை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. அடுத்து, ஆடிய அந்த மனிதர் செத்துப் போகிறார். ஃபகத் ஃபாசில் நடிக்கும் அமர் அந்தச் சாவை விசாரிக்க வருகிறான். குடிகாரர், போதைப் பழக்கம் உள்ளவர், பெண்கள் வீட்டுக்குப் போகிறவர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேரனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த தாத்தா என்பதும் வருகிறது. இத்தனையும் ஒரே ஆளா என்று ஃபகத் ஃபாசிலின் கண்கள் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இடைவேளை வரை நாயகன் பெரும்பாலும் பிறர் பேச்சில்தான் இருக்கிறார். இதற்குச் சம்மதிக்கப் பெரிய மனசு வேண்டும்.

வேலைக்கார அம்மாவின் காட்சி எனக்கு இவை எல்லாவற்றுக்கும் மேல். பேரன் வளரும் வீட்டில் அவர் நடமாடிக்கொண்டே இருக்கிறார். புடவை, கொண்டை, கையில் ஏதோ ஒரு வேலை. நாம் அவரைப் பார்க்கிறோம், கவனிப்பதில்லை. வில்லன் சந்தனத்தின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்ததும், அழுது நடுங்கும் அந்த அம்மா ஒரு நொடியில் ஏஜென்ட் டீனா ஆகிறார். கைக்கு அகப்பட்ட வீட்டுச் சாமானே ஆயுதம். தர்மபுரித் தியேட்டரில் அந்த நொடியில் எழுந்த சத்தம் கமலுக்குக் கிடைத்ததற்குக் குறைவில்லை. பெண்கள் பக்கமிருந்து இன்னும் பலமாக வந்தது. கூத்தில் சைரந்திரி யாரென்று நமக்கு முன்பே தெரியும். இங்கே நம்மையும் விராடன் அரண்மனை ஆட்களாக்கி ஏமாற்றிவிட்டார்கள். ஏமாந்ததில்தான் எத்தனை சந்தோஷம்!

அந்த வேஷம் கட்டிய வசந்தி நடனத் துறையில் பல வருஷம் உழைத்தவர். கதாநாயகனுக்குப் பின்வரிசையில் ஆடுகிறவர்களின் முகம் யாருக்கு நினைவிருக்கும்? தெரிந்த நடிகை ஒருவரை அங்கே நிறுத்தியிருந்தால், இவர் எதற்கோ இருக்கிறார் என்று முதல் காட்சியிலேயே மோப்பம் பிடித்திருப்போம். அன்பறிவ் அமைத்த சண்டையும் அவருடைய ஆட்டப் பயிற்சிக்கு இசைவாக இருக்கிறது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு திரும்பும் வேகத்தில் தாளம் இருக்கிறது.

இதற்கு முன்னோடி கமலின் ‘விஸ்வரூபம்’, 2013இல் வந்தது. நியூயார்க்கில் கதக் சொல்லித்தரும் விஸாம், அப்படியே பிருகன்னளைதான். நடனம் அமைத்த பிர்ஜு மகராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. தொழவேண்டும், கட்டை அவிழுங்கள் என்று கெஞ்சி, மறுகணம் அத்தனை பேரையும் சாய்க்கிற காட்சி தமிழ்த் திரையில் வேஷம் கலைந்த தருணங்களில் தலையாயது. டீனாவை அதன் அருகில் வைப்பேன், ஒரு படி மேலாகவே. விஸாம் கமல் என்பது சீட்டு வாங்கும்போதே நமக்குத் தெரியுமே!

குறையையும் சொல்ல வேண்டும். பெரிய சத்தத்தைத் தாங்காத இதயம் கொண்ட அந்தப் பேரக் குழந்தையை ஒரு துப்பாக்கிப் படத்தின் நடுவில் வைத்தது அருமையான யோசனை. முதல் பாதியில் ஒவ்வொரு ஒலியும் நம்மைப் பதற வைக்கிறது. கடைசியில் பீரங்கியே வந்துவிடுகிறது. அங்கே ஒற்றன் போய் வெறும் வீரன் மிஞ்சுகிறான். ரோலெக்ஸாக சூர்யா வரும் சில நிமிஷங்கள் மயிர்க்கூச்செறியச் செய்தாலும், அது தாதா படத்தின் சுவை, உளவுப் படத்தின் சுவை அல்ல. விக்ரம் மறுபடி வந்தால் பீரங்கியைப் பரணில் போட்டுவிட்டு, பின்வரிசையில் நிற்கும் இன்னொரு முகத்தைத் தேடிப் பிடிக்கட்டும். முதல் நாளே போய் உட்காருவேன்.