37 உருப்படி... உருப்படுமா?

புத்தகத்துக்கு விமரிசனம் உண்டு. சினிமாவுக்கு உண்டு. முந்தாநாள் திறந்த பிரியாணிக் கடைக்குக்கூட உண்டு. பிள்ளைக்கு வாங்கித் தருகிற எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. இந்த வாரம் அதுதான்.

ஆர்டுயினோ என்ற பெயர் உங்கள் வீட்டிலும் அடிபட்டிருக்கும். 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில், டிசைன் மாணவர்களுக்காக மாஸ்ஸிமோ பான்ஸியும் சகாக்களும் உருவாக்கிய குட்டிக் கம்ப்யூட்டர் பலகை. கொலம்பியாக்காரர் எர்னான்டோ பாராகான் அதற்கு முன்பே செய்த 'வயரிங்' அதற்கு அஸ்திவாரம். பெயர் வந்தது அவர்கள் போய்வந்த ஒரு மதுக்கடையிலிருந்து. கடைக்குப் பெயர் வந்தது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜாவிடமிருந்து. எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களுக்கென்றே பிறந்த பலகை என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

வெறும் பலகை ஒன்றும் செய்யாது. எதையாவது மாட்ட வேண்டும். எதை? இந்த இடத்தில்தான் '37 இன் 1' என்கிற சென்ஸார் பெட்டி ஆஜராகும். விலை சல்லிசு. 37 உருப்படி! நம் நடுத்தர வர்க்க மனசு உடனே ஒரு உருப்படிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்துப் பூரித்துப்போகும்.

பெட்டியைத் திறங்கள். ஒன்றுபோலவே இருக்கும் துண்டுப் பலகைகள். எது எதற்கு என்று சொல்லும் புத்தகம் பெரும்பாலும் இருக்காது. சில எல்.இ.டி. துண்டுகளில் ரெசிஸ்டர் கிடையாது. அதனாலென்ன என்கிறீர்களா? பி.காம். படித்தவனுக்கே புரிகிற கணக்குதான். ஆர்டுயினோ ஊனோவின் கால் தருவது 5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3. நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 14 மில்லி ஆம்பியர்தான் ஓடும். அந்தக் காலுக்கு நல்லது 20-க்குள். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. ரெசிஸ்டர் இல்லையென்றால் வரவுக்கு மேல் செலவு. எல்.இ.டி. போகலாம், பலகையும் போகலாம்.

இதுகூடப் பரவாயில்லை, காசோடு போச்சு. 37-ல் ஒன்று, சாய்த்தால் தெரிந்துகொள்ளும் ஸ்விட்ச். கண்ணாடிக் குப்பிக்குள் உருளுவது நிஜப் பாதரசம். இன்னொன்று லேஸர், கண்ணில் அடித்து விளையாடுகிற சமாசாரம் இல்லை. மூன்றாவது ரிலே. மேலேயே 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பத்து வயசுப் பையன் அதைப் பார்த்ததும் வீட்டு ட்யூப்லைட்டை மாட்டத்தான் நினைப்பான். நம் சுவரில் இருப்பது 230 வோல்ட் சாமி! 'ஆரம்ப நிலை' என்று அட்டையில் போட்டு இதை விற்பது அநியாயம்.

இதற்கு எதிர்க்கரையில் ஆர்டுயினோக்காரர்களே போடும் ஸ்டார்ட்டர் கிட். கூடவே 15 செய்முறைகள் உள்ள புத்தகம். அதில் ஒன்று 'லவ்-ஓ-மீட்டர்'. விரலால் வெப்ப சென்ஸாரைத் தொட்டால், சூட்டுக்குத் தகுந்தபடி ஒன்று, இரண்டு, மூன்று விளக்குகள் எரியும். அசட்டுத்தனம்தான். ஆனால் சூடு வோல்ட்டேஜாக மாறி, வோல்ட்டேஜ் எண்ணாக மாறுவது பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு பாகமும் ஒரு காரணத்தோடு மேடைக்கு வருகிறது. குறை? விலை பல ஆயிரம். 'தெரமின்' போன்ற உதாரணங்கள் நம் பிள்ளைக்கு அந்நியம்.

அப்படியானால் என்ன வாங்குவது? ரிச்சி தெரு மாதிரி இடங்களில் உதிரியாகவே வாங்கலாம். எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர், புஷ் பட்டன், திருகுகிற பொட்டென்ஷியோமீட்டர், வெளிச்சம் பார்க்கும் எல்.டி.ஆர்., ஒரு பஸ்ஸர். இதிலேயே ஒரு மாசம் ஓடும். அப்புறம் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04. வௌவால் மாதிரி, நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். கடைசியாக எஸ்.ஜி.90 சர்வோ மோட்டார். அதற்குத் தனி மின்சாரம் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது உதறும்போது பலகை மயங்கி விழும். செடிக்கு ஈரம் பார்க்க ஆசையா? இரண்டு கம்பி நீட்டிய சென்ஸார் மண்ணில் சீக்கிரம் அரித்துப்போகும். கெப்பாஸிட்டிவ் வகையைக் கேளுங்கள்.

2016-க்குப் பிறகு பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் வந்துவிட்டது. கண்காட்சிகளில் கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி தவறாமல் இருக்கும். மாட்டியது யார், புரோகிராமை எங்கிருந்து நகலெடுத்தார்கள் என்று துருவ வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒலி போய்த் திரும்பின நேரத்தை ஏன் கண்ணா ரெண்டால வகுக்கறே?"

"போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அதான்!" என்று பிள்ளை சொன்னால், நீங்கள் வாங்கித் தந்தது ஏழெட்டு உருப்படிதான் என்றாலும் காசு வீண் போகவில்லை. முழித்தால், 37 போதாது என்று அடுத்த பெட்டியைத் தேடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் சேர்ந்து ஒரு எல்.இ.டி.யிலிருந்து ஆரம்பியுங்கள்.