திரும்பி வந்தவர்களும் திறக்க வேண்டியவர்களும்

பிரிந்துபோன இருவர் பல ஆண்டுகள் கழித்துச் சொந்த ஊரில் சந்தித்து மீண்டும் சேரும் காதல் நாவல், ஆங்கிலச் சந்தையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த சரக்கு என்ற பேச்சு இப்போது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள்: அந்த மாதிரிக் கதைக்கு ஆற்றங்கரை ஊரோ மலையடிவாரமோ வேண்டும், விம்கோ நகர், எண்ணூர், காசிமேடு பக்கமெல்லாம் கத்தியும் கட்டப்பஞ்சாயத்தும்தான் கதையாகும். முதல் பேச்சு தமிழ் மரபை மறந்தது. இரண்டாவது, வடசென்னையைச் சினிமா சுவரொட்டியில் மட்டும் பார்த்தது.

தலைவன் திரும்பி வருவதும் தலைவி கதவடைப்பதும் மருதத் திணையின் உயிர். அவர்களைச் சேர்த்து வைக்கும் வாயில்களைத் தோழி, தாய் தொடங்கிக் கண்டோர் வரை பன்னிரண்டாகத் தொல்காப்பியர் வகுத்தார். வாயில் மறுத்தலுக்குத் தனித் துறையே வைத்திருந்தவர்கள் நாம். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடல்தான். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள், மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த வள்ளல் பேகனை நோக்கிப் பாடியிருக்கிறார்கள். பொன்னும் பொருளும் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ, அதுவே எங்கள் பரிசில் என்று கேட்ட புலவர்கள் அவர்கள். ஆனால் வேண்டுகோள் முழுவதும் பேகனுக்கே. கண்ணீரோடு நின்ற அந்தப் பெண்ணிடம், அவன் வந்தால் உனக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வகை நாவலை நான் அளப்பது அந்தக் கேள்வியால்தான். திரும்பி வருகிறவனின் ஏக்கத்தை யாரும் எழுதிவிடலாம். விட்டுச் செல்லப்பட்டவளிடம் கேட்டார்களா, அவள் சொன்ன பதில் கதையின் போக்கை மாற்றியதா என்பதில்தான் எழுத்தாளரின் தகுதி தெரியும். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் கேட்டார். மதுரையில் மாதரி கொடுத்த மனையில் கண்ணகி உணவிட்டு முடித்ததும், கோவலன் தன் தவறுகளைத் தானே எடுத்துச் சொல்கிறான். எழு என்றதும் ஏன் என்னோடு வந்தாய் என்கிறான். அவளும் மழுப்பவில்லை. நீங்கள் நடந்துகொண்டது சரியில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உடன் வந்த காரணத்தைச் சொல்கிறாள். மறுவாய்ப்புக் காதலுக்குத் தமிழ் வைத்த உயர்ந்த அளவு அந்தக் காட்சி. நளவெண்பாவின் கலிநீங்கு காண்டமும், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'மும் (1879) பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்து மகிழ்கின்றன. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் விவேக சிந்தாமணியில் வந்தது. ஊர் அவதூறை நம்பிக் கணவர் முத்துசாமி ஐயர் வீட்டை விட்டுப் போகிறார், கடைசியில் சேர்கிறார். கமலாம்பாள் ஏற்றுக்கொள்வாள் என்பதில் ராஜமையருக்குச் சந்தேகமே இல்லை. நமக்கு இருக்கிறது.

இந்த வரிசையில் புறக்கணிக்கப்பட்ட பெண் ஒருத்தி விம்கோ நகருக்குப் பக்கத்துத் திருவொற்றியூரில் இருக்கிறாள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கதை அது. ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் இறைவனுக்குப் பூத்தொடுத்து வாழ்ந்தவர் சங்கிலியார். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்து அவரை மணந்தார் சுந்தரர். வசந்த காலம் வந்தது; ஆரூர் நினைவும் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போனது. போன பார்வை ஒரு கண்ணுக்குக் காஞ்சியிலும் மறு கண்ணுக்கு ஆரூரிலும் திரும்பியது. ஆரூரில் கோபத்தோடிருந்த முதல் மனைவி பரவையாரைச் சமாதானப்படுத்த, சிவபெருமானே இரவில் இரண்டு முறை தூது நடந்தார். முதல் தூதைப் பரவையார் மறுத்தார். அந்த மறுப்புக்கு மதிப்பு இருந்தது. சங்கிலியாரிடம் அப்படி யாரும் தூது போகவில்லை. கயிலையில் பார்வதியின் சேடி அநிந்திதையாக மீள்வதோடு அவர் கதை முடிகிறது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவைக்கு ஊரே கூடி அந்தச் சத்தியத்தைக் கொண்டாடுகிறது. சத்தியம் முறிந்த மறுநாள் காலை அந்த ஊரில் சங்கிலியார் எப்படி நடமாடினார் என்பதை எழுதத் தமிழில் ஒரு நாவலாசிரியர் வர வேண்டும்.

சிற்றூர் இந்த வகைக்குத் தேவைப்படும் காரணமும் அதுவே. பெருநகரத்தில் பிரிந்தவர்கள் காணாமல் போய்விடலாம். சின்ன ஊரில் அதே ரேஷன் கடை, அதே தேரடி, அதே ரயில் நிலையம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நாளைக்கும் எதிரே வந்தாக வேண்டும். தொல்காப்பியர் கண்டோரையும் வாயிலாகச் சேர்த்தது ஊரின் கண்களை அறிந்ததால்தான். ஜேன் ஆஸ்டின் 'பெர்சுவேஷன்' நாவலின் திருப்பத்தை லைம் என்ற சிறு கடலோர ஊரில் வைத்தார். மார்க்வெஸ் 'காலரா காலத்தில் காதல்' (1985) நாவலில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த முதியவரை ஒரு துறைமுக ஊரில்தான் உலவவிட்டார்.

தமிழில் இந்த வகையின் பொற்காலம் கல்கியிடம் தொடங்கி எழுபதுகளில் முடிகிறது. 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்து 1939இல் திரைக்கும் போனது. துரத்திவிட்ட கணவன், சாவித்திரி செல்வந்தர் ஆன பிறகு சேர்ந்து வாழ உரிமை கேட்டு வழக்குப் போடுகிறான். அவள் நீதிமன்றத்தில் மறுக்கிறாள். வாயில் மறுத்தலைக் கல்கி சட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய துணிச்சல் இன்றைய எழுத்தில் அரிது. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் யமுனா ஆண்டுகள் பல கழித்துப் பாபுவிடம் வருகிறாள். வறுமை அவளைத் தள்ளியதா, மனம் கனிந்ததா என்பதை ஜானகிராமன் முடித்து வைக்காமல் விட்டதால்தான் அந்த நாவல் இன்னும் நம்மைக் குத்துகிறது. லா.ச.ரா.வின் 'அபிதா' மொழியின் அற்புதம். ஆனால் கரடிமலைக்குத் திரும்பும் அம்பிக்கு, இறந்துபோன சகுந்தலையும் அவள் மகள் அபிதாவும் அவன் ஏக்கத்தின் பிம்பங்களாக மட்டுமே இருக்கிறார்கள். என் அளவுகோலில் அந்த அழகான நாவல் தோற்கிறது.

ஜெயகாந்தன் தோற்கவில்லை. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கங்கா, தன்னைச் சீரழித்தவனை ஆண்டுகள் கழித்துத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறாள். சேர்வதா வேண்டாமா என்பதை மாமாவோ ஊரோ தீர்மானிக்க அவள் விடுவதில்லை. 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' அதைவிடப் பெரிய சாதனை. கல்யாணியும் ரங்காவும் விரோதமில்லாமல் பிரிகிறார்கள். அவள் கால்கள் செயலிழந்த பிறகு அவன் வருகிறான். அவன் இரக்கத்தால் வந்தானா என்று அவளும் எடை போடுகிறாள், நம்மையும் எடை போட வைக்கிறார் ஜெயகாந்தன். பிரிவதற்கும் சேர்வதற்கும் இரண்டு பேருக்கும் சம உரிமை கொடுத்த முழுமையான தமிழ் நாவல் அதுவே. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) பிலோமி, வேறொருத்தியை மணந்த சாமிதாஸ் திரும்புவான் என்று தன் வாழ்வை நிறுத்தி வைக்கவில்லை. ஒரு மீனவக் குடியிருப்பின் வறுமைக்கு நடுவே அவள் காட்டும் பெருந்தன்மை, கூடி முடியும் நூறு கதைகளைவிட உயர்ந்தது.

அதன் பிறகு வந்தது மாத நாவல்களின் காலம். லட்சக்கணக்கான பெண்களை வாசிக்க வைத்த ரமணிசந்திரனின் வாசகர் பலத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெட்டிக்கடையில் தொங்கிய அந்தப் புத்தகங்கள் வீட்டுக்குள் முடங்கிய பலருக்கு ஒரு மணி நேர விடுதலை. ஆனால் அவர் வழியில் இறுகிப்போன அச்சு தீங்கானது. பணக்கார நாயகன், ஒரு தப்பெண்ணம், அவமானத்தைப் பொறுக்கும் நாயகி, உண்மை தெரிந்ததும் கூடல். தப்பெண்ணம் நீங்குகிறது, அவன் மாறுவதில்லை. அவளிடம் கேள்வியும் இல்லை. கேட்காமலேயே சம்மதம் எழுதப்பட்டுவிடுகிறது. இன்றைய தொடர்களிலும் இதே அச்சுதான் ஓடுகிறது. குறை இறக்குமதியில் இல்லை, இந்தச் சோம்பலில்தான் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் வடசென்னை எழுத்து. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', பாக்கியம் சங்கரின் கட்டுரைகள் எல்லாம் இந்த மண்ணின் மக்களை உள்ளிருந்து எழுதியவை. கூவத்தின் கரையில் சிந்தாதிரிப்பேட்டையை எழுதிய தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை'யும் (2018) அந்த வரிசையில் வரும். வாசகரும் திரையுலகமும் இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது ரத்தத்தை மட்டும்தான். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) குத்துச்சண்டைக்குக் கிடைத்த கைதட்டலில், சாராயத்தில் விழுந்த கபிலனை மனைவி மாரியம்மா எதிர்த்து நிற்கும் இடங்கள் பின்னுக்குப் போயின. அந்தப் படத்தின் உண்மையான மறுவாய்ப்பு அங்கேதான் நடக்கிறது.

விம்கோ நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1923இல் இந்தியாவுக்கு வந்த ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம் என்று சுற்றிலும் ஆலைகள். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதை, மறுபக்கம் கடல். 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. மனதளவில் இன்றும் தனி ஊர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களின் படகிலும் வலையிலும் அப்பியது. இங்கே பிரிவுக்குத் தப்பெண்ணத்தைத் தேட வேண்டியதில்லை. ஆலை மூடல், காண்ட்ராக்ட் வேலை, வளைகுடா விசா, குடி, சாதி, மதம் மாறிய கல்யாணம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நைட் ஷிப்ட் முடிந்து வரும் நாற்பத்தைந்து வயதுப் பெண், பதினைந்து வருஷத்துக்கு முன் போன புருஷனை நடைமேடையில் பார்த்தால், முதலில் நினைப்பது காதலை அல்ல. வாடகை யார் பெயரில் இருக்கிறது, மகள் காலேஜ் ஃபீஸை யார் கட்டினார்கள், மாமியாரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கணக்கைத்தான். அந்தக் கணக்கு முழுவதும் பேசி முடிந்த பிறகும் மிச்சமிருந்தால், அந்த மிச்சத்துக்குப் பெயர் காதல்.

அதை எழுத வடசென்னையிலிருந்தே, முக்கியமாகப் பெண்களிடமிருந்து எழுத்தாளர்கள் வர வேண்டும். அவர்களிடம் இன்னொரு வெட்டுக்குத்து நாவலைக் கேட்பதைப் பதிப்பாளர்கள் நிறுத்த வேண்டும். காதல் கதை என்றதும் முகம் சுளிப்பதை விருதுக் குழுக்கள் நிறுத்த வேண்டும். அந்த நாவலில் அவள் அவனைச் சேர்த்துக்கொள்ளலாம், திருப்பியும் அனுப்பலாம். அவள் மறுத்தால் அதையும் நல்ல முடிவாகக் கொண்டாடும் வாசகராக நாம் மாறியாக வேண்டும்.