உத்தரவு பெற்ற வேட்டை

‘மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ்’ என்கிற ஜப்பானிய வீடியோ ஆட்டத்தை முழுவதும் ஆடி முடித்து, அது போதாமல் பாதியை மறுபடியும் ஆடிய பிறகு இதை எழுதுகிறேன். வீடியோ ஆட்டத்துக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கப்போகும் நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு உத்தேசமில்லை. சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இதையேதான் கேட்டார்கள். ஒரு உருவம் தன் சக்தியை எங்கே சம்பாதிக்கிறது, சம்பாதித்ததை எங்கே கோட்டை விடுகிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை. அந்த உருவத்துக்கு வயது இருபதா இரண்டாயிரமா என்பது அப்புறம்.

முதலில் விஷயம். ஓசாகாவிலுள்ள காப்காம் நிறுவனம் 2004இல் பிளேஸ்டேஷன் 2 இயந்திரத்துக்கென்று இந்த வரிசையின் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. அமைப்பு மிக எளியது. ஒரு பெரிய மிருகத்தைத் தேடிப் போக வேண்டும். கொல்ல வேண்டும், அல்லது பொறி வைத்துப் பிடிக்க வேண்டும். அதன் தோல், எலும்பு, செதிள்களைக் கொண்டு ஆயுதமும் கவசமும் செய்துகொண்டு அடுத்த மிருகத்தைத் தேடிப் போக வேண்டும். மற்ற பல ஆட்டங்களில் போல வீரனுக்கு அனுபவப் புள்ளிகள் சேர்ந்து தானாகப் பலம் ஏறுவது இதில் கிடையாது. கருவிகள் மாறும். மற்றபடி தேற வேண்டியது ஆடுகிறவனின் கண்ணும் கையும்தான். ஜப்பானில் கையடக்க இயந்திரங்களில் நாலு பேர் கூடி ஆடும் பழக்கமாக வளர்ந்த இது, 2018இல் வந்த ‘வேர்ல்ட்’ மூலம் உலகம் முழுக்கப் பரவிற்று. 2021இல் ‘ரைஸ்’. பிறகு 2025 பிப்ரவரி 28 அன்று ‘வைல்ட்ஸ்’. மூன்றே நாளில் 80 லட்சம் பிரதி, ஒரு மாதத்துக்குள் ஒரு கோடி என்று நிறுவனம் அறிவித்தது. இந்த எண்கள் கலையைப் பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை. ஆனால் கலைக்கு நேர்ந்ததைப் பற்றி ஏதோ சொல்லுகின்றன. அதற்கு வருகிறேன்.

இந்த வரிசையின் பெரிய விஷயம் ஒரு இல்லாமையில் இருக்கிறது. எதிரே நிற்கும் மிருகத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் பாக்கி என்று திரையில் பட்டை போட்டுக் காட்டுவதில்லை. மற்ற சண்டை ஆட்டங்களில் சிவப்புப் பட்டை குறையக் குறைய நம் பார்வை மிருகத்தை விட்டுப் பட்டைக்குப் போய்விடும். கணக்குப்பிள்ளையின் பார்வை அது. இங்கே அந்த வசதி இல்லாததால் உடலைப் படிக்க வேண்டியிருக்கிறது. வாயில் எச்சில் ஒழுகினால் களைத்துவிட்டது. காலை இழுத்து நடந்தால் முடிவு நெருங்கிவிட்டது. கூடு இருக்கும் திசையில் போய்ப் படுத்துத் தூங்கப் பார்க்கும். தலையை எந்தக் கோணத்தில் தாழ்த்தினால் பாய்ச்சல், எந்தக் கோணத்தில் தாழ்த்தினால் வெறும் மிரட்டல் என்பது பத்துத் தடவை அடிபட்டபின் தெரிகிறது. பெருவாளை ஓங்கினால் ஓங்கியதுதான். பாதியில் மனம் மாற இடமில்லை. ஆரம்ப கால ஆட்டங்களில் மருந்தைக் கூட நின்ற இடத்தில் நின்றுதான் குடிக்க வேண்டும். குடித்து முடிக்கிற வரை மிருகம் காத்திருக்காது. செய்கைக்கு ஒரு கனம் இருந்தது. செய்வதற்கு முன் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாச’லை நினைத்துக்கொள்கிறேன். 1959இல் வந்த அந்தச் சின்னப் புத்தகம் முழுக்க ஒரு மனிதன் மாட்டின் உடலைப் படிப்பதுதான். பிச்சியின் கண் போகிற இடமெல்லாம் நம் கண்ணும் போகிறது. காரிக்காளையின் கொம்பு, திமில், கால் வைக்கிற விதம் இவற்றுக்கு வெளியே அந்தக் கதைக்கு வேறு தத்துவம் இல்லை. அதனாலேயே கடைசியில் ஜமீன்தார் காளையைச் சுட்டுக் கொல்லும்போது அதிகாரம் என்றால் என்ன என்று நமக்கு விளங்குகிறது. யாரும் பிரசங்கம் செய்யத் தேவைப்படவில்லை. மிருகத்தை உண்மையாகப் பார்த்த எழுத்துக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது. நல்ல வேளைகளில் இந்த ஜப்பானிய ஆட்டமும் அப்படிப் பார்க்க வைக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

‘வைல்ட்’ஸில் அப்படிப்பட்ட வேளைகள் உண்டு. அதன் முதல் நிலப்பகுதியான காற்றுச் சமவெளிக்கு மூன்று நிலைகள்: வறட்சி, கொந்தளிப்பு, செழிப்பு. வறட்சியில் மந்தையாக அலையும் டோஷகூமாக்கள். பெரிய கரடி போன்றவை. ஒன்றைத் தனியே பிரிக்கச் சாண உருண்டையை எறிந்து மந்தையைக் கலைக்க வேண்டும். இந்த அற்பமான, நாற்றமெடுக்கிற யோசனையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஆட்டத்தின் சினிமாக் காட்சிகள் எதிலும் ஏற்படவில்லை. பிறகு மணற்புயல் எழும், மின்னல் இறங்கும், அதனோடு ரே டாவ் என்கிற பறவைநாகம் இறங்கும். மின்னலைத் தன்னுள் வாங்கிச் சேர்த்து, கொம்புகளைக் குழல் போலக் குவித்து உமிழ்கிறது. மிருகமும் வானிலையும் ஒரே வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையுமாக நிற்கிற இடம் அது. எண்ணெய்க் கிணற்றுப் பள்ளத்தில் வரும் நூ உட்ரா, நெருப்பில் ஊறிய பெரிய கணவாய் மாதிரி. எந்தக் கை அடுத்தது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்காத கை வருகிறது.

சண்டையின் இலக்கணத்திலும் புதிதாக இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் அங்கே புண் திறக்கும். அதைக் குறிவைத்துப் பிளக்கலாம். இரண்டாவது, பெருவாள் போன்ற சில ஆயுதங்களில், மிருகத்தின் அடியும் நம் அடியும் ஒரே கணத்தில் சந்தித்தால் அதன் அடி திரும்பிப் போகும். இந்த இரண்டாவது வெகு சுத்தமான கண்டுபிடிப்பு. பயந்து உருண்டு விலகுவதற்குப் பதிலாக, பயத்தோடு நின்று எதிரே வீசுவது. பதினான்கு வகை ஆயுதங்களும் பதினான்கு தாளக்கட்டுகள். அதிலொன்று ஊதுகொம்பு, அடிப்பதும் இசைப்பதும் ஒன்றாக இருக்கிற ஆயுதம். அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம்.

இனி என் மனஸ்தாபம்.

செய்க்ரெட் என்று ஒரு சவாரிப் பறவையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே மிருகம் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விடும். பழைய ஆட்டங்களில் மிருகத்தைக் கண்டதும் சாயக்குண்டு எறிந்து அடையாளப்படுத்த வேண்டும், மறந்தால் திண்டாட்டம். 2018 ஆட்டத்தில் காலடித் தடங்களையும் உரசல்களையும் சேகரித்தால் மின்மினிகள் வழிகாட்டின. இப்போது தடமும் இல்லை, மறதியும் இல்லை. கதை நடக்கிற மணிகள் பூராவும் இந்தப் பறவை நம்மைச் சுமந்துபோக, பக்கத்தில் வருகிறவர்கள் பேசிக்கொண்டே வருகிறார்கள். வலப்பக்கம் இருப்பதைப் பார் என்கிறார்கள், பார்க்கிறோம். இந்த மாதிரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறவரை நமக்கு நன்றாகத் தெரியும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையாசிரியர் அவர். எங்கே கண்ணீர் விட வேண்டும், எங்கே திடுக்கிட வேண்டும் என்று வாசகனுக்குச் சொல்லி, அவனைப் பாதையை விட்டு ஒரு அடி இறங்கவிடாமல் பார்த்துக்கொள்பவர். இவ்வளவு பெரிய நிலத்தைக் கட்டிவிட்டு அதில் வழி தவறும் உரிமையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது சுலபம். புண் திறந்து பிளந்தால் மிருகம் தடுமாறுகிறது. மறுபடி புண், மறுபடி தடுமாற்றம். என்னைப் போன்ற சுமாரான ஆட்டக்காரனே பல மிருகங்களை அவற்றோடு பரிச்சயம் ஏற்படுவதற்கு முன்பே கொன்றுவிட்டேன். இது ஆட்டத்துக்கு மரியாதையில்லை; மிருகத்துக்கும் இல்லை. கடினம் என்பது ஆண்பிள்ளைத்தனப் பெருமைக்காக வேண்டியிருக்கிற பொருளன்று. தோற்கிற நேரத்தில்தான் பார்க்கிறோம். தோற்காதவன் பார்க்கத் தேவையில்லை. லாகியாக்ரஸ் முதலிய பழைய, வலுத்த மிருகங்களைப் பின்னால் இலவசச் சேர்க்கைகளாக விட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பின்னிணைப்பைச் செம்மையாக எழுதினால் முதல் அத்தியாயம் திருந்திவிடுமா?

இயந்திர விஷயம் ஒன்று. கணினிகளில் இந்த ஆட்டம் திக்கித் திணறுகிறது என்ற புகார் வெளியான நாள் முதல் பொதுவாக எழுந்தது. ஸ்டீம் தளத்தில் ஒரே சமயத்தில் 13 லட்சம் பேருக்கு மேல் ஆடிய ஆட்டம், சில மாதங்களில் அதே தளத்தில் வசவு வாங்கியது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1080 வரித் தெளிவில் நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமென்றால், இடைச்சட்டகங்களைக் கணினியே ஊகித்து இட்டு நிரப்பும் உத்தியையும் சேர்த்துக்கொள்ளும்படி நிறுவனத்தின் பரிந்துரையே சொல்லிற்று. அதாவது, மிருகத்தின் உடலசைவைப் படிப்பதையே உயிராகக் கொண்ட ஒரு ஆட்டத்தில், நாம் பார்க்கிற அசைவுகளில் ஒரு பங்கு நடந்ததல்ல, நடந்திருக்கலாம் என்று நடுவே செருகப்பட்டது. இதைத் தொழில்நுட்பக் குறை என்று விட்டுவிட முடியவில்லை. அழகியல் குறை என்றே சொல்வேன்.

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது இவை எதுவுமில்லை. உத்தரவு.

கதையில் ஆல்மா என்றொரு பெண் கூடவே வருகிறாள். சங்கத்தின் அதிகாரி மாதிரி. மிருகம் எதிரே பாய்ந்து யாரையோ கடிக்கப் போகும். அவள், இந்த மிருகத்தை வேட்டையாட உனக்கு அனுமதி வழங்குகிறேன் என்பாள். அதன் பிறகே கத்தி உருவப்படும். கொலைக்கு நியாயம் தேடுகிற சங்கடம் ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு இருப்பது நல்லதுதான். ஆர்க்வெல்ட் என்ற, அழிந்துபோனதாக எண்ணப்பட்ட மிருகத்தால் ஊரை இழந்த நாட்டா என்ற சிறுவன், முதலில் அதை வெறுத்து, பிறகு தன்னைப் போலவே அதுவும் யாரோ இட்ட கடமையில் கட்டுண்டது என்று இரங்குகிற இடமும் வருகிறது. நல்ல விதை. ஆனால் இந்தச் சங்கடம் வசனத்தில் இருக்கிறது, உருவத்தில் இல்லை. உத்தரவு ஒருபோதும் மறுக்கப்படுவதில்லை. மறுக்கப்படாத உத்தரவு வெறும் சடங்கு.

இதை நான் வடக்கனந்தலில் உட்கார்ந்து ஆடினேன் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசலில் நின்றால் கல்வராயன் மலை. அந்த மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976இல்தான் முடிந்தது. காட்டில் எதைச் செய்யவும் முதலில் ஜாகீரின் உத்தரவு, பிறகு வனத்துறையின் உத்தரவு என்று இருந்த மக்களுக்கு அந்த வார்த்தையின் எடை தெரியும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றுவரை வேட்டை என்றிருந்தது குற்றம் என்றாயிற்று. அதே 1972இல்தான் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும் வெளியிட்டது. செங்கம் இந்த மலைக்கு வடக்கே. அங்கே விழுந்தவர்களில் பலர் ஆநிரைப் பூசலில் விழுந்தவர்கள். புலியோடு பொருது செத்தவனுக்கும் தமிழ்நாட்டில் கல் உண்டு. அதில் புலியையும் செதுக்குவார்கள். அவன் உயரத்துக்கு நிமிர்ந்து, முகத்துக்கு முகம். செத்தவனின் நினைவில் கொன்றதற்கும் இடம். அந்தச் சிற்பிக்கு அனுமதி வசனம் எழுதத் தேவைப்படவில்லை. மிருகத்தை எந்த அளவில் செதுக்குவது என்பதிலேயே தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். ஆட்டத்தில் மிருகத்தின் தோலை உடுத்திக்கொள்கிறோம். அது கல்லுக்குப் பக்கத்தில் வரக்கூடிய யோசனை. முப்பது தடவை கொன்று முப்பது தோல் எடுத்தபின் அது துணிக்கடையாகிவிடுகிறது.

ஒரு சாயங்காலம் நான் ஆடிக்கொண்டிருக்கையில், மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒரு பெரியவர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதில் பாரிவேட்டைக்குப் போனவர். சமவெளியில் புல் சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. மிகவும் நேர்த்தியாக வரைந்திருக்கிறார்கள். நான் புல்லில் பதுங்கி மந்தையை நெருங்கிக்கொண்டிருந்தேன்.

“காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது தம்பி?” என்றார்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. என் முதுகுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மோப்பம் எப்போதோ மந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மந்தை மேய்ந்துகொண்டே இருந்தது. நான் எழுந்து போய் அடித்தேன்.

“அதுக்கு மூக்கு இல்லையா?” என்று கேட்டுவிட்டு, அவர் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.