பெட்டியில் 67 வாட், மீட்டரில் 10

கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு குட்டித் திரை. ஒரு முனையை சார்ஜரில் செருகி, மறுமுனையில் கேபிளைச் செருக வேண்டும். போனில் சார்ஜ் ஏறத் தொடங்கியதும் திரையில் மூன்று எண்கள் வரும்: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், இரண்டையும் பெருக்கினால் எத்தனை வாட். அதற்குக் கீழே, இதுவரை கடந்துபோன மில்லி ஆம்பியர்-மணியும் வாட்-மணியும் சிறிய எழுத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே பெரிய மாயம் எதுவும் இல்லை. மின்சாரம் போகும் பாதையில், ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மிகச் சிறிய மின்தடை ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் விழும் மின்னழுத்தத்தை அளந்து, பள்ளியில் படித்த ஓம் விதிப்படி மின்னோட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை கிடைக்கும் இந்த மீட்டரைப் பலரும் வாங்குவது, சார்ஜர் நம்மை ஏமாற்றுகிறதா என்று கண்டுபிடிக்கத்தான். ஆனால் அந்த ஒரு வேலையைத்தான் இது நேரடியாகச் செய்வதில்லை.

காரணம், திரையில் தெரியும் எண் சார்ஜருடையது அல்ல. சார்ஜர், கேபிள், போன் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த நிமிடத்தில் வந்திருக்கும் ஓர் உடன்பாட்டின் எண் அது. எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதை முடிவு செய்வது போன். சார்ஜர் அதற்கு ஓர் உச்சவரம்பை மட்டுமே வைக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரி நிறைய நிறைய, போனே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு வரும். 85 விழுக்காடு நிறைந்த போனைச் செருகிவிட்டு, "67 வாட் சார்ஜர் 6 வாட்தான் தருகிறது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் நியாயம் அவர் பக்கம்தான். போன் சூடேறியிருந்தாலும், திரையை எரியவிட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் எண் மாறும். ஆகவே மீட்டரின் ஒற்றை அளவு எந்தக் குற்றத்தையும் நிரூபிக்காது. மூன்றில் இரண்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு அளவுகளை ஒப்பிட்டால்தான் அது சாட்சி சொல்லத் தொடங்கும். இந்த மீட்டரின் மதிப்பு அதன் துல்லியத்தில் இல்லை, ஒப்பீட்டில் இருக்கிறது என்பதே என் கட்சி.

பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். யூஎஸ்பியின் அடிப்படை மின்னழுத்தம் 5 வோல்ட். அதற்கு மேல் போக வேண்டுமானால் சார்ஜரும் போனும் பேசிக்கொள்ள வேண்டும், இருவருக்கும் பொதுவான மொழி வேண்டும். பவர் டெலிவரி என்ற பொது நெறி 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகள் வைத்திருக்கிறது. 2021-இல் வந்த 3.1 பதிப்பு அதை 48 வோல்ட், 240 வாட் வரை நீட்டியது. குவால்காமின் குவிக் சார்ஜ் வேறொரு மொழி. இவை போக, போன் நிறுவனங்கள் பல தங்களுக்கென்று தனி மொழி வைத்திருக்கின்றன. 67, 80, 120 என்று விளம்பரத்தில் மின்னும் எண்களில் பெரும்பாலானவை அந்தத் தனி மொழியில் மட்டுமே கிடைப்பவை. அப்படிப்பட்ட சார்ஜரில் வேறு நிறுவனத்தின் போனைச் செருகினால் பல சமயம் பேச்சு முறிந்து, 5 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் என்ற பழைய நிலைக்கு இறங்கிவிடும். மீட்டரில் 9 வோல்ட் வருகிறதா, 5-லேயே நிற்கிறதா என்று பார்த்தால் போதும், பேச்சு நடந்ததா முறிந்ததா என்பது தெரிந்துவிடும். இங்கே வாட்டைவிட வோல்ட்தான் முக்கியம். மீட்டர் வாங்கும் பலர் பார்க்கத் தவறும் எண் அது.

கேபிள் விஷயத்தில்தான் இந்த மீட்டர் காசுக்கு மேல் வேலை செய்கிறது. மலிவான கேபிள்களுக்குள் 28 கேஜ் எனப்படும் மெல்லிய செம்புக் கம்பிதான் பெரும்பாலும் இருக்கும். அதன் மின்தடை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் நீளக் கேபிளுக்கு 0.42 ஓம், இணைப்பு முனைகளின் தடை தனி. இதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 5 வோல்ட் கிளம்பினால் போனுக்கு வந்து சேர்வது 4.15. ஆனால் திரையில் இது இப்படித் தெரியாது என்பதுதான் சுவாரசியம். உள்ளே வரும் மின்னழுத்தம் 4.4, 4.5 வோல்ட்டை நெருங்கினாலே பல போன்கள் தாமாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மேலே சொன்ன கேபிளில் 1.4 ஆம்பியர் அருகிலேயே ஓட்டம் நின்றுவிடும். சார்ஜர் பக்கம் செருகிய மீட்டரோ 5 வோல்ட், 1.4 ஆம்பியர் என்று சாதுவாகக் காட்டும். பார்ப்பவர் சார்ஜரையோ போனையோ குறை சொல்வார், கேபிள் தப்பித்துக்கொள்ளும். அதே சார்ஜர், அதே போனை வைத்துக்கொண்டு அதைவிடத் தடித்த 24 கேஜ் கம்பி உள்ள கேபிளை மாற்றிப் பாருங்கள். இழப்பு 2 ஆம்பியருக்கு 0.34 வோல்ட்தான், போன் கேட்டதெல்லாம் கிடைக்கும். வெளியே நைலான் பின்னல் போட்டுக் கொழுகொழுவென்று இருக்கும் கேபிளுக்குள்ளும் மெல்லிய கம்பி ஒளிந்திருக்கலாம். கையால் தடவிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ராஸ்பெர்ரி பை கணினிப் பலகை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசரமானது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது எச்சரிக்கை காட்டும். அதன் அதிகாரபூர்வ அடாப்டரை 5 வோல்ட்டில் நிறுத்தாமல் 5.1-ஆக வைத்திருப்பதே கேபிளில் தொலையும் பங்கை ஈடுகட்டத்தான். வேகச் சார்ஜிங் 9 வோல்ட்டுக்குப் போவதற்கும் இதுவே காரணம். மின்னழுத்தம் உயர்ந்தால் அதே வாட்டுக்குக் குறைந்த ஆம்பியர் போதும், வழியில் இழப்பும் குறையும். ஊருக்கு ஊர் உயர் அழுத்தக் கோபுரங்கள் நிற்பதும் இதே கணக்கில்தான். லேப்டாப்புக்கு வந்தால் இன்னொரு வரம்பு குறுக்கே வரும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் அனுமதிக்காது. 5 ஆம்பியர் வேண்டுமானால் கேபிளுக்குள் அடையாளச் சில்லு இருக்க வேண்டும். 20 வோல்ட்டை 3-ஆல் பெருக்கினால் 60. பெட்டியில் 65 வாட் என்று போட்ட சார்ஜர் 60-ஐத் தாண்ட மறுத்தால், பெரும்பாலும் கேபிளில் அந்தச் சில்லு இல்லை என்றுதான் பொருள்.

பவர் பேங்க் விவகாரத்தில் மீட்டர் பலரை அநாவசியமாகக் கோபப்படுத்துகிறது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 6,400 காட்டுகிறது, மோசடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அச்சிட்ட எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதை 37 வாட்-மணி என்று எழுதினால் குழப்பமே இல்லை. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது, ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் 7,400-தான். மாற்றும்போது பத்து, பதினைந்து விழுக்காடு சூடாகப் போய்விடும். எனவே 6,300 முதல் 6,600 வரை வந்தால் அது நேர்மையான பவர் பேங்க். அதே பெட்டியை 9 வோல்ட்டில் அளந்தால் எண் இன்னும் பாதியளவுக்கு இறங்கும், அதற்குள் இருக்கும் ஆற்றல் மாறியிருக்காது. வாட்-மணி வரியை மட்டும் பாருங்கள். 37-க்கு 31, 32 வந்தால் சரி. 15 வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம், இந்த முறை நியாயம் உங்கள் பக்கம்.

இதற்கெல்லாம் போனில் இலவச செயலி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆம்பியர், அக்குபேட்டரி போன்ற செயலிகள் காட்டுவது பேட்டரிக்குள் நிகரமாக நுழையும் மின்னோட்டத்தை. அதுவும் போனின் சொந்தச் செலவு போக மிச்சத்தை. 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் உள்ளே போகும்போது செயலி 3,800 மில்லி ஆம்பியர் என்று காட்டலாம். இரண்டுமே சரிதான்: வெளியே 9 வோல்ட், பேட்டரியில் 4 வோல்ட் அளவு. கேபிளில் எவ்வளவு தொலைந்தது, எத்தனை வோல்ட்டில் பேச்சு முடிந்தது என்பதையெல்லாம் பல போன்களில் செயலி சொல்லாது. இயர்போன் டப்பாவையும் மேஜை விளக்கையும் அதனால் அளக்கவே முடியாது. டைப்-சி துளை வைத்த சில மலிவான டார்ச்சுகளும் டிரிம்மர்களும் ஒரு முனை பழைய யூஎஸ்பியான கேபிளில் சார்ஜ் ஆகும், இரு முனையும் டைப்-சியான கேபிளில் ஆகாது. மீட்டரை வைத்துப் பார்த்தால், அதே மின்சாரத்தில் ஓடும் அதன் திரையும் பெரும்பாலும் எரியாது. மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகுதான் டைப்-சி சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். சில பைசா பெறும் அந்த மின்தடையைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருக்கிறார். சார்ஜர் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன், அதே மீட்டருக்குப் பின்னால் ஒரு போனைச் செருகித் திரை எரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

மலிவு மீட்டரின் எண்ணை எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு விழுக்காடு பிழை இருக்கத்தான் செய்யும். மீட்டரும் வழியில் உட்கார்ந்து கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தின்னும், திரை எரிய கொஞ்சம் மின்னோட்டமும் எடுக்கும். ஆனால் நாம் தேடும் வித்தியாசங்கள் எந்த அளவில் இருக்கின்றன? 1.4 ஆம்பியரா 2-ஆ, 5 வோல்ட்டா 9-ஆ, 32 வாட்-மணியா 15-ஆ. இவற்றைக் காண ஒரு விழுக்காட்டுத் துல்லியம் தேவையில்லை. இரண்டு அளவிலும் ஒரே பிழை இருப்பதால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. 30, 40 மில்லி ஆம்பியர் மட்டும் இழுக்கும் ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றில்தான் மலிவு மீட்டரைக் கைவிட வேண்டும்; அங்கே பிழையும் அளவும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: எண் நன்றாக இருப்பதும் பொருள் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இல் டைப்-சி கேபிள்களை வாங்கி வாங்கிச் சோதித்து, முடிவுகளை அமேசானில் எழுதத் தொடங்கினார். அவர் பிடித்த பொதுவான தவறு, கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் வைத்தது. அந்தக் கேபிள், பழைய லேப்டாப் போர்ட்டிலிருந்துகூட 3 ஆம்பியர் எடுக்கலாம் என்று போனுக்குப் பொய் சொல்லும். மீட்டரில் பார்த்தால் அது சிறந்த கேபிளாகத் தெரியும். எரிந்துபோகக் காத்திருப்பது மறுபக்கத்துப் போர்ட். 2016 தொடக்கத்தில், மின் இணைப்பும் தரை இணைப்பும் இடம் மாறிய கேபிள் ஒன்று அவருடைய லேப்டாப்பையும் அளவுக்கருவிகளையும் சேர்த்தே சாகடித்தது. போலி சார்ஜர்களைப் பிரித்துப் பார்த்து 2012-இல் எழுதிய கென் ஷிரிஃப், உள்ளே வீட்டு மின்சாரப் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஆபத்தான அளவுக்குக் குறுகியிருப்பதைக் காட்டினார். அப்படிப்பட்ட சார்ஜரும் மீட்டரில் அழகாக 5.05 வோல்ட் காட்டும். இந்த ஆட்சேபத்துக்கு மறுப்பு என்னிடம் இல்லை. பாதுகாப்புக்கு பிஐஎஸ் முத்திரையையும் பதிவு எண்ணையும் பாருங்கள், மீட்டரை வேகத்துக்கும் இழப்புக்கும் மட்டும் கேளுங்கள்.

வாங்குவதென்றால் டைப்-சி உள்ளதை வாங்கலாம். சார்ஜர் முனையிலும் போன் முனையிலும் மாற்றிச் செருகி, கேபிள் தின்ற வோல்ட்டை நேரடியாகக் கழித்துப் பார்க்க அது மட்டுமே வழி கொடுக்கும். புளூடூத் வழியே போனில் வரைபடம் போடும் வசதிக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஃபினிர்சி எஃப்என்பி58 போன்ற நடுத்தர மீட்டர்கள், சார்ஜர் எந்தெந்த வோல்ட்டைத் தரத் தயார் என்று அறிவிக்கும் பட்டியலையே படித்துக் காட்டும். பழைய சார்ஜர்கள் நிறைந்த இழுப்பறை உள்ள வீட்டுக்கு அது நல்ல செலவு. ஓர் எச்சரிக்கை: இத்தகைய மீட்டர்களில் டிரிகர் என்று ஒரு மெனு இருக்கும். சார்ஜரிடம் 9, 12, 20 வோல்ட்டை நாமே கேட்டு வாங்கும் வசதி அது. மறுமுனையில் 5 வோல்ட் மட்டுமே தாங்கும் பொருள் மாட்டியிருக்கும்போது அந்த மெனுவுக்குள் போக வேண்டாம். கேட்ட 20 வோல்ட்டை மீட்டர் அப்படியே அதற்குள் அனுப்பிவிடும்.