வில்லுப்பாட்டுக்கு எதுக்கு டேப் கதகதப்பு?

கொடையில பதிவு பண்ணின வில்லுப்பாட்டை யூடியூப்ல போடுறவங்க இப்பல்லாம் கடைசி மிக்ஸ் மேலயே ஒரு டேப் பிளக்-இன்னை ஏத்தி விடுறாங்க. பழைய கேசட் மாதிரி ‘கதகதப்பு’ வேணுமாம். அங்கதான் இடிக்குது. வேவ்ஸ் ஜே37 நகலெடுப்பது அபே ரோடு ஸ்டுடியோவின் வால்வு இயந்திரத்தை. 1967-ல் பீட்டில்ஸ் பதிவுகளுக்குப் பயன்பட்டது. அதில் டேப் நொடிக்கு 38 செ.மீ. வரை ஓடும். நம்ம வீட்டுக் கேசட் ஓடினது 4.76 செ.மீ.தான். சுடலைமாடன் கதையை நாஞ்சில் நாடு கேட்டது அந்தக் கேசட்டிலும் கோவில் குழாய் ஸ்பீக்கரிலும். ரண்டும் ஒண்ணு இல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல் குடம். அதன் அடிநாதம் பிளக்-இன்னை முட்டும்போதெல்லாம் வில்லின் மணிச்சத்தமும் சேர்ந்து மழுங்கிப்போகுது. வீசுகோல் பட்டு மணி கலகலக்காத வில்லுப்பாட்டு என்ன வில்லுப்பாட்டு! தனித்தனி மைக்கில் எடுத்திருந்தால் குடத்துக்கும் உடுக்கைக்கும் மட்டும் போடலாம், நல்லாவே இருக்கும். ஒரே மைக் என்றால் தொடாமல் விடுவதே மேல். இலவசமா கிடைக்கிற சௌ டேப் மாடல் இதுக்குப் போதும். ஒலி அளவைச் சமமாக்கிட்டு ஒப்பிட்டுக் கேளுங்க. சத்தம் கூடினதையே கதகதப்புன்னு நம்பிக் காசு கொடுக்கிறவங்கதான் அதிகம்.