சூழ்ச்சியும் துணிவும்: முடிவு செய்யும் நிலைகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

'சூழ்ச்சி' என்னும் சொல் இக்காலத்து வஞ்சனை என்னும் பொருளையே பெரிதும் தருகின்றது. பழந்தமிழில் அஃது ஒரு பொருளைப் பலவாற்றானும் சூழ்ந்து ஆராய்தலைக் குறித்தது. 'துணிவு' என்பதும் இன்று அஞ்சாமையைச் சுட்டுகின்றது. அன்று, ஆராய்ந்து தெளிந்து 'செய்யத்தக்கது இதுவே' என ஒருதலையாகக் கொள்ளும் முடிவைச் சுட்டியது. திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தின் தொடக்கத்தில் இவ்விரு சொற்களும் பழம்பொருளிலேயே நிற்கக் காணலாம். ஆராய்ச்சிக்கு எல்லை துணிவு. துணிந்தபின் காலந்தாழ்த்தல் தீது என்பது அங்குப் பெறப்படும் கருத்தாகும்.

இவ்விரண்டனையும் செய்தற்குரியார் யாவர்? தனியொருவர் துணிதலும், அவை கூடித் துணிதலும், ஊரார் ஒருங்கே துணிதலும், அரசு துணிதலும் தம்முள் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை நம் இலக்கியத் திறனாய்வாளர் போதிய அளவு கருதினாரல்லர். அரசனது நெறியையோ பிழையையோ பற்றி நூல்கள் பல எழுந்தன. ஒரு முடிவு எந்நிலையில் தோன்றி எவ்வழியாக நடந்தது என்னும் ஆய்வு அருகியே காணப்படுகின்றது. கீழ்நிலையில் உள்ளார் கண்ட உண்மை, முடிவு செய்வார் செவியைச் சென்று சேர்தற்கு வழி இருந்ததா இல்லையா என்பதே முடிவின் செம்மையை அளக்கும் கோல் என்பது எம் கருத்து. அதனை இரு காப்பியக் காட்சிகளாலும், ஒரு கல்வெட்டாலும், கோவளத்தை உள்ளிட்ட நெய்தற்கரையின் அண்மைக்கால வரலாற்றாலும் நிறுவ முயல்வோம்.

மதுரையில் நிகழ்ந்த முடிவு

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோவலனுக்கு விதித்த கொலைத்தண்டம் அவையில் எடுக்கப்பட்ட முடிவன்று. ஊடிச் சென்ற அரசியின் இருப்பிடம் நோக்கி அரசன் செல்லும் வழியில், வாயிலில் வீழ்ந்து வணங்கிய பொற்கொல்லனது சொற்கேட்ட அளவில், அமைச்சரோ அறங்கூறு அவையத்தாரோ உடனில்லாத இடத்தில் அது பிறந்தது. அரசனது ஆணையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தேவியின் சிலம்பு அவன் கையதாயின் கொன்று, அச்சிலம்பைக் கொணர்க என்பதே அவ்வாணை. சிலம்பு தேவியின் சிலம்புதானா என்று தேரும் பொறுப்போ பொற்கொல்லன் கையில் விடப்பட்டது. உண்மையில் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. துணிவு மேலிடத்தில் இருந்தது. ஆராய்ச்சி குற்றவாளியின் கையில் இருந்தது.

இன்னும் நுணுகி நோக்குவார்க்குப் பிறிதோர் உண்மையும் புலப்படும். கொலைக்களத்திற் சென்ற காவலர் கோவலனைக் கண்ட அளவில் இவன் கள்வனாதல் இயலாது என ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்கப் பொற்கொல்லன் களவு நூல் கூறும் துணைகள் எட்டனையும் விரித்துரைக்க வேண்டியதாயிற்று. இளைய வீரன் ஒருவன் தான் கண்ட கள்வனொருவனின் திறமையைக் கதையாகச் சொன்னான். இவ்வுரையாடல் முடியும்முன் கல்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான். கீழ்நிலையில் ஐயம் இருந்தது. அஃது அரசன்பால் மீண்டு செல்லும் வழிதான் இல்லை.

இவ்விடத்தில் ஊழ்வினையைக் காரணமாகக் காட்டுதல் நம் மரபு. காப்பியமே அதனைக் காட்டுதலின் அம்மரபை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஊழ் வந்து புகுதற்குரிய வாயில் யாது என்பதையும் அடிகள் தெளிவாகக் காட்டியுள்ளார். திருக்குறளில் தெரிந்து செயல்வகை 47ஆம் அதிகாரம். அதற்கு முன் 45ஆவதாகப் பெரியாரைத் துணைக்கோடலும் 46ஆவதாகச் சிற்றினம் சேராமையும் நிற்கின்றன. செயலை ஆராயுமுன், உடனிருந்து ஆராய்வார் யாவர் என்பதை ஆராய்க என்பதே இவ்வைப்பு முறையின் பொருளாகக் கொள்ளத்தகும். பாண்டியன் வாயிலில் இம்முறை தலைகீழாயிற்று.

வஞ்சியில் நிகழ்ந்த முடிவு

வஞ்சிக் காண்டத்தில் இதற்கு மாறான காட்சியைக் காண்கின்றோம். கண்ணகியைத் தெய்வமாகக் கொள்ளும் முடிவை முதலிற் செய்தவர் குன்றக் குறவர். வேங்கை மர நிழலில் அவளைக் கண்ட அவர்கள், எவரது ஆணையையும் எதிர்நோக்காது, அவளைத் தம் குலத்திற்குரிய தெய்வமாகக் கொண்டு குரவையாடினர். பின்னர் மலைவளங் காண வந்த செங்குட்டுவனிடம் தாம் கண்டதைக் கூறினர். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததை விளக்கினார். அரசன் தேவியை நோக்கிப் பாண்டிமாதேவி, கண்ணகி என்னும் இருவருள் வியத்தற்குரியாள் யார் என வினவினான். தம் நாட்டை அடைந்த பத்தினி வழிபடத்தக்கவள் என்று அவள் விடை கூறினாள். கல்லைப் பொதியிலிற் கொள்ளலாம், இமயத்திற் கொள்ளலாம் என்று நூலறிந்தோர் இருவழி காட்டினர். வில்லவன் கோதை வடநாட்டரசர்க்கு ஓலை விடுக்க என்றான். அரசர்தம் ஒற்றர் வஞ்சி வாயிலிலேயே உளராதலின் நகரில் முரசறைதலே அமையும் என்றான் அழும்பில் வேள்.

இக்காட்சியில் வினாக்கள் நிலைதோறும் பிரிந்து நிற்றலைக் காண்க. கண்டது யாது என்பதைக் குறவர் கூறினர். அதன் காரணத்தைப் புலவர் கூறினார். அதன் மதிப்பைத் தேவி கூறினாள். செய்யும் வழியை அமைச்சர் கூறினர். யார்க்கு எது தெரியுமோ அதனை அவரே கூறினார்.

எனினும் இம்முடிவு முற்றும் செம்மையானது எனல் இயலாது. பொதியிற் கல்லும் காவிரி நீரும் தன் குடிப்பெருமைக்குப் போதா என அரசன் கருதியமையால் வடபுலத்துப் போர் நேர்ந்தது. குறவர்க்கு வேங்கை நிழலே போதுமானதாயிருந்தது. கீழ்நிலையில் அன்பாகத் தோன்றிய முடிவு, மேல்நிலையை அடைந்தபோது வீரத்தின் வெளிப்பாடாக மாறிற்று. ஒரு முடிவு மேலேறுங்கால் அதன் நோக்கமும் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

உத்தரமேரூர்க் கல்வெட்டு

அரசவையை விடுத்து ஊரவையை நோக்குவார் அனைவரும் எடுத்துக்காட்டுவது முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த இவ்விரண்டும் குடவோலை முறையை விரிக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தனர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

இதனைத் தமிழர் குடியாட்சிக்குச் சான்றாகப் போற்றும் ஆய்வாளர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இக்கல்வெட்டு உறுப்பினரைத் தெரியும் முறையைக் கூறுகின்றது. தெரிந்தெடுக்கப்பட்டோர் ஏரியைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ எவ்வாறு கூடி முடிவு செய்தனர் என்பதைக் கூறவில்லை. அன்றியும், ஓலையைக் குடத்திலிட்டு எடுத்தல் ஒருவகையில் முடிவு செய்யாமையே ஆகும். விருப்பு வெறுப்புப் புகுந்தால் ஊர் பிளவுபடும் என்று கருதிய இடத்தில், அவ்வவை தன் துணிவைக் குடத்தினிடம் ஒப்படைத்தது. இஃது அறிவுடைய செயலே. ஆயினும் வாக்களித்தலோடு இதனை ஒன்றாக்குதல் பொருந்தாது.

கல்வெட்டின் உண்மைச் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. 919இல் 30 முதல் 60 வரை என வகுக்கப்பட்ட வயதெல்லை, 921இல் 35 முதல் 70 வரை எனத் திருத்தப்பட்டது. தான் செய்த முடிவின் விளைவை ஈராண்டில் உணர்ந்து, தானே திருத்திக்கொண்ட அவை அது. அரச அலுவலர் உடனிருப்ப இது நிகழ்ந்தமையின் ஊரும் அரசும் இதிற் கலந்தன. அச்சபையில் இடம் பெற நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. உழுவாரும் பெண்டிரும் அதன் புறத்தே நின்றனர்.

கோவளக் கரை

உத்தரமேரூரும் கோவளமும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியவை. முன்னையது வயல் சூழ்ந்த ஊர். பின்னையது முட்டுக்காட்டுக் காயல் கடலொடு கலக்கும் இடத்திற்கு அணித்தாய நெய்தலூர். வயலூரின் முடிவுகள் கல்லில் நின்றன. நெய்தலூரின் முடிவுகள் சொல்லில் நின்றன. எனினும் இலக்கியம் அவற்றை அறவே மறந்ததன்று. பட்டினப்பாலை, பரதவர் முழுமதி நாளிற் கடல்மேற் செல்லாது சுறவின் கோட்டை நட்டு வழிபட்டு மகிழ்ந்திருந்ததைக் கூறுகின்றது. ஊர் முழுதும் ஒருநாள் கடலுக்குச் செல்லாதிருத்தலும் ஊரார் ஒருங்கே கொண்ட முடிவேயன்றோ?

சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துக்கள் பற்றி நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவின்க் 2001இல் நூலொன்று வெளியிட்டார். ஊருக்கும் மீன்வளத்திற்கும் தீங்கெனக் கண்ட வலைகளை இப்பஞ்சாயத்துக்கள் தாமே தடைசெய்து வந்துள்ளன. அத்தடைக்கு அரசின் சட்டம் பிறப்பிடமன்று. கடலிற் செல்வோர் கரையில் ஒருங்கு கூடிப் பேசித் தெளிந்த தெளிவே பிறப்பிடம். ஆயினும் ஊரின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. துறைமுகத்திலிருந்து வரும் இழுவைப் படகை ஒரு சிற்றூர் தடுத்தல் அரிது. 1970களில் எழுந்த பூசல்களுக்குப் பின்னர், 1983இல் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டுக் கரையிலிருந்து மூன்று கடல்மைல் அளவு கட்டுமரத்தார்க்கு ஒதுக்கப்பட்டது. 2001 முதல் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை விதிக்கப்பட்டது. 2017இல் அது 61 நாளாயிற்று. மீன் ஊரெல்லை அறியாது. ஆதலின் இம்முடிவு மேல்நிலைக்கே உரியது.

எந்நிலைக்கு எம்முடிவு உரியது என்னும் வினா கடுமையாக எழுந்தது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரே. 2005 மார்ச் 30இல் வெளியான அரசாணை 172, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குட்பட்ட வீடுகளின் உரிமையாளர்க்கு இருவழி காட்டியது. உள்நாட்டிற் புதுவீடு பெற்றுப் பழைய மனையை அரசுக்கு விடலாம். அன்றேல் உதவியின்றித் தம் மனையிலேயே இருக்கலாம். நோக்குவார்க்கு இது தனியொருவர் உரிமையைப் போற்றிய நேரிய முறையாகத் தோன்றும். உயிர்காத்தல் கருதியே அது வகுக்கப்பட்டது என்பதையும் ஒப்புகின்றோம். ஆனால் வீடு குடும்பத்தினுடையது, கரை ஊரினுடையது. படகேற்றும் இடமும், வலை உலர்த்தும் மணலும், மீன் பகிரும் களமும் குடும்பந்தோறும் பிரித்துக் கொள்ளத்தக்கன அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தக்கதைத் தெரியினும், பல குடும்பங்கள் அகன்றபின் எஞ்சும் கரையை எவரும் தெரிந்தெடுத்தவராகார். ஊர்நிலையில் சூழவேண்டிய பொருளை இல்லந்தோறும் துணியுமாறு விடுத்தமையே அவ்வாணையின் குறை என்பது எம் துணிபு.

இன்று கோவளக் கரையின்மேல் முடிவு செய்வோர் பலர். கடலில் வலையிடும் இடத்தைப் படகோர் துணிகின்றனர். கரை வழக்கை மீனவப் பஞ்சாயத்து துணிகின்றது. தெருவையும் நீரையும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த ஊராட்சி துணிகின்றது. மீன்பிடி நாளை மாநில அரசும், கட்டட எல்லையை ஒன்றிய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் துணிகின்றன. 2021இல் இக்கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று வழங்கிய அமைப்போ டென்மார்க்கில் உள்ளது. இத்துணை நிலைகள் இருத்தல் குற்றமன்று. அவற்றிடையே மேலிருந்து கீழ் வரும் வழி அகன்றும், கீழிருந்து மேற்செல்லும் வழி குறுகியும் இருத்தலே குற்றம்.

முடிவுரை

ஊர்நிலை முடிவுகள் யாவும் நல்லன என யாம் கூறவந்திலேம். மீனவப் பஞ்சாயத்தில் அமர்ந்தோர் வழிவழியாக ஆடவரே. கரைக்கு வந்த மீனை விற்றுப் பொருளாக்கும் பெண்டிர்க்கு அதில் இடமில்லாமை உத்தரமேரூர்ச் சபையின் குறையோடு ஒத்ததே. ஊர் தவறுமிடத்துத் தட்டிக்கேட்க மேல்நிலை வேண்டும்; மேல்நிலை அறியாவிடத்து எடுத்துரைக்க ஊர் வேண்டும். குன்றத்தில் முதலிற் குரவையாடியோருள்ளும் மகளிர் இருந்தனர். வஞ்சியில் மதிப்பிட்டு உரைத்தவளும் ஒரு பெண்ணே. இக்காப்பிய அறிவைக் கரையூர் அவைகளும் அரசும் ஒருங்கே கொள்ளத்தகும்.

கல்லில் எழுதப்பட்ட முடிவுகளை நம் ஆய்வாளர் நூறாண்டுக்கும் மேலாகப் படித்து வருகின்றனர். சொல்லில் நிற்கும் முடிவுகளோ அவற்றைச் சொல்லும் முதியோரோடு மறைந்து வருகின்றன. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள மீனவ ஊர்களில், எவ்வலை எக்காரணத்தால் விலக்கப்பட்டது, எவ்வழக்கு எவ்வாறு தீர்ந்தது என்பனவற்றை அவர்தம் சொற்களிலேயே தொகுத்தல் தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தொகுப்பு எழுமாயின், சூழ்ச்சி என்னும் சொல் தன் பழம்பொருளோடு இன்றும் எங்கு வாழ்கின்றது என்பது புலனாகும்.