வராமல் போன பிள்ளையும் ஃபைலில் எழுதிய காரணமும்

சென்னைப் பிள்ளைகளின் உடல்பருமன் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது, மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய ‘ஆரஞ்ச்’ ஆய்வு. 2014ல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. 51 பள்ளிகள், 18,955 பிள்ளைகள். சர்வதேச அளவுகோல்படி தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது பருமன். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம்தான்.

உருப்படியான வேலை. ஆனால் இந்த எண்ணை வைத்து ‘பணக்கார வீட்டு வியாதி’ என்று முடித்துவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் இடிக்கிறது. மாதவரத்தில் லாரி ஓட்டுகிறவர் பிள்ளையும் மெட்ரிகுலேஷனில்தான் படிக்கிறான்.

இன்னொன்று, இது தலை எண்ணும் ஆய்வு. சிகிச்சைக்கு வந்த பிள்ளை ஏன் பாதியில் நின்றது என்பது இதன் கேள்வியே இல்லை. அந்தக் கேள்விக்கு டாக்டர்கள் ஃபைலில் எழுதும் பதில் ஒன்று உண்டு: ‘ஒத்துழைக்கவில்லை.’ எனக்குப் பிடிக்காத வார்த்தை. பழி முழுவதையும் பத்து வயசுப் பிள்ளை தலையில் கட்டிவிடுகிறது.

பால் காலனி இருக்கிற ஊர் எங்களுடையது. அஞ்சு வயசு வரைக்கும் ‘அமுல் பேபி’ன்னு கன்னத்தைக் கிள்ளுவோம். பத்து வயசானா அதே உடம்புக்கு ‘குண்டு பூசணி’. கூப்பிடுறது யாரு? கூடப் படிக்கிறவன் மட்டுமில்ல, சித்தப்பா, பி.டி. வாத்தியார், எல்லாரும்தான். கேலிக்கு ஆளாகும் பிள்ளை விளையாட்டை விடும், ஒளிந்து சாப்பிடும், டாக்டரையும் தவிர்க்கும். இதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதே சங்கத்தின் 2023 வழிகாட்டி, 12 வயதுக்கு மேற்பட்ட பருமனான பிள்ளைகளிடம் மனச்சோர்வு உண்டா என்று வருஷாவருஷம் பார்க்கச் சொல்கிறது. சரியான பேச்சு. கூடவே, 3 முதல் 12 மாதத்துக்குள் 26 மணி நேரமாவது நேருக்கு நேர் ஆலோசனை வேண்டும் என்கிறது. இங்கேதான் சிக்கல். மாதவரத்திலிருந்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். இருபத்தாறு மணி நேரத்துக்கு எத்தனை கூலி? வராத அம்மாவையும் ‘ஒத்துழைக்கவில்லை’ கணக்கிலேயே சேர்ப்பதா?

கூலிக்கு என்னிடம் வழி இல்லை. எடை மெஷினை வரிசைக்கு நடுவிலிருந்து எடுத்துத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். எண்ணை உரக்கப் படிக்காமல் எழுதிக்கொள்ளலாம். ‘இன்னும் குறையலையா?’ என்று தொடங்காமல், ‘ஸ்கூல்ல யாராவது கிண்டல் பண்றாங்களாப்பா?’ என்று தொடங்கலாம். இதற்கெல்லாம் பட்ஜெட் வேண்டாம்.